குற்ற உணர்வு பர்ஸைக் கரைக்கிறது

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, எல்லோருக்கும் வணக்கம். சவரச் சாமான் வழக்குக்குத் தாடி வைத்தவரை நடுவராக உட்கார வைத்திருக்கிறார்கள். தீர்ப்பு நியாயமாகத்தான் வரும் என்ற நம்பிக்கையில் மைக் முன்னால் நிற்கிறேன்.

பொழுதுபோக்காகச் சவரச் சாமான்களை வாங்கிக் குவிக்கிறவருக்கு வரும் குற்ற உணர்வு அவர் பர்ஸைக் காக்கிறதா, கரைக்கிறதா? இதுதான் தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய எதிரணி அம்மா, "அந்த உறுத்தல் மட்டும் இல்லேன்னா மனுஷன் வீட்டை வித்து ரேசர் வாங்கிடுவார்" என்றார். நல்ல கைதட்டல். நானும் தட்டினேன். ஆனால் அம்மா, அந்த உறுத்தல் எப்போது வருகிறது? செல்போனில் ஆர்டர் போடும்போது வருகிறதா? அப்போது விரலில் ஒரு தயக்கமும் கிடையாது. பார்சல் வந்து, பிரித்து, சோப்பை முகர்ந்து பார்த்து, அடியில் கிடக்கும் பில் கண்ணில் பட்ட பிறகுதான் வருகிறது. திருட்டுப் போன மறுநாள் வேலைக்குச் சேர்கிற காவல்காரன் எதைக் காப்பான்?

"சரி, போனது போகட்டும், அடுத்த செலவையாவது தடுக்குமே" என்பீர்கள். அங்கேதான் வருகிறேன். உறுத்தல் வந்தவர் முதலில் என்ன செய்கிறார்? ஒளித்து வைக்கிறார். பீரோவில் பழைய சட்டைக்கு அடியில், ஆபீஸ் மேஜை டிராயரில், ஸ்கூட்டர் டிக்கியில். ஒளித்ததை எடுத்துப் பயன்படுத்த முடியுமா? "இது எப்ப வாங்கினது?" என்ற கேள்வி வந்துவிடுமே!

இந்த விஷயத்தில் கொஞ்சம் விவரம் சொல்லியாக வேண்டும். பன்றி முடி பிரஷ் இருக்கிறதே, வாங்கிய புதிதில் கன்னத்தில் முள்ளாகக் குத்தும். நாள்தோறும் தண்ணீரில் ஊறி, சோப்பில் சுழன்று, ஒவ்வொரு முடியின் நுனியும் பிளந்த பிறகுதான் மெத்தென்று ஆகும். நுரையை அள்ளிக் கொடுப்பதும் அதற்கப்புறம்தான். ஒளித்து வைத்த பிரஷ் எத்தனை வருஷம் ஆனாலும் முள்தான். கார்பன் எஃகுச் சவரக் கத்தி இன்னும் மோசம். சென்னைக் காற்றில் எண்ணெய் தடவாமல் பீரோவில் போட்டால் துருப் பிடிக்கும். ட்யூபில் இருக்கும் கிரீம் கெட்டியாகிவிடும். ஆக, அந்தப் பணம் வாங்கியபோது வீணாகவில்லை நடுவர் அவர்களே. ஒளித்தபோதுதான் வீணானது. ஒளிக்கச் சொன்னது யார்? எதிரணியின் கட்சிக்காரரான அந்த உறுத்தல்தான்!

உறுத்தல் வந்தவர் அடுத்து என்ன செய்கிறார் என்று பாருங்கள். கணக்கை நேர் செய்யப் பார்க்கிறார். இவர் இந்தப் பக்கம் வந்ததே சிக்கனத்தின் பெயரால். "மூன்று பிளேடு, ஐந்து பிளேடு வைத்த கார்ட்ரிட்ஜ் விலை கட்டுப்படியாகவில்லை. தாத்தா காலத்து ரேசருக்கு ஒரு பிளேடு சில ரூபாய்தான்" என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்தவர். உண்மையிலேயே சிக்கனம்தான் நோக்கம் என்றால் ஜில்லெட் கார்டு (Guard) என்ற மலிவு ரேசர் இருந்தது. 2010ல் அது வந்தபோது ரேசர் 15 ரூபாய், மாற்றுக் கார்ட்ரிட்ஜ் 5 ரூபாய். இவர் அதை வாங்கவில்லை. ஜெர்மனியில் சோலிங்கனில் செய்த ரேசரை வாங்கினார். சொன்ன காரணமும் வாங்கிய பொருளும் ஒட்டவில்லை. உறுத்தல் பிறப்பது அங்கே.

இப்போது சிக்கனக்காரர் என்ற பெயரைக் காப்பாற்றியாக வேண்டும். அதனால் 100 பிளேடு பெட்டியாக வாங்குகிறார், மலிவாம். ஒரு பிளேடு நாலு சவரம் தாங்கும் என்றாலும், தினமும் சவரம் செய்கிறவருக்கு அந்தப் பெட்டி ஒரு வருஷத்துக்கு மேல் வரும். அது தீர்வதற்குள் தள்ளுபடி என்று இன்னொரு பெட்டி. சோப்பு மூன்று வாங்கினால் டெலிவரி இலவசம் என்று மூன்று. உறுத்தலைத் தணிக்க வாங்குகிறார், வாங்கியதால் உறுத்துகிறது, அதைத் தணிக்க மறுபடி வாங்குகிறார். பிளேடை மட்டும் மாற்றிக்கொள்ளும் ரேசரைக் கொண்டுவந்த கிங் ஜில்லெட்டின் கம்பெனி 1903ல், விற்பனை தொடங்கிய வருஷத்தில், மொத்தம் விற்றதே 51 ரேசரும் 168 பிளேடும்தான். நம்ம ஆள் பிளேடு கணக்கில் தனி ஒருவராக அந்தக் கம்பெனியைத் தாண்டிவிட்டார்!

எதிரணித் தம்பி ஒருவர் நல்ல கேள்வி கேட்டார். "பக்கத்துச் சலூனில் அண்ணன் புது பிளேடைப் பேப்பரோடு இரண்டாக ஒடித்து, பாதியைக் கத்தியில் செருகி, அஞ்சு நிமிஷத்தில் மழித்து, படிகாரம் தேய்த்து அனுப்பிவிடுவாரே, அது போதாதா?" போதும் தம்பி. சவரத்துக்கு அது தாராளமாகப் போதும். இவர் தேடுவது காலையில் கிண்ணமும் பிரஷுமாக இருபது நிமிஷம் யாரும் கூப்பிடாமல் நிற்கிற சுகம். அதற்குக் காசு கொடுக்கிறேன் என்று வாய்விட்டுச் சொன்னால் தொகை எவ்வளவு என்ற பேச்சு வீட்டில் வரும், மாதத்துக்கு இவ்வளவு என்று முடிவாகும். சொல்ல விடாமல் வாயை அடைப்பது அந்த உறுத்தல்தான்.

வழக்கமாக இந்த இடத்தில் எங்கள் அணிக்காரர்கள் பெண்களின் பட்டுப்புடவையை இழுப்பார்கள். நான் இழுக்க மாட்டேன். இரண்டு பேர் வீண் செலவு செய்தால் இரண்டும் சரியாகிவிடாது.

கிரெடிட் கார்டில் வாங்கிவிட்டுப் பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தைத் தள்ளிப்போடுகிறவர் இருக்கிறாரே என்று கேட்டால், அது வேறு வழக்கு. அவருக்கு உறுத்தினால் மட்டும் போதாது. யாராவது அந்தக் கார்டைப் பிடுங்கி வைக்க வேண்டும்.

கடைசியாக எதிரணித் தலைவர் கேட்டது. "உறுத்தல் வேண்டாம் என்கிறீர்களே, அப்புறம் எதை வைத்துத்தான் நிறுத்துவார்?" ஐயா, சோப்பு டப்பாவை வைத்து நிறுத்தட்டும். டப்பாவின் அடி தெரிந்த பிறகுதான் அடுத்த சோப்பு. பிளேடுப் பெட்டி காலியான பிறகுதான் அடுத்த பெட்டி. எல்லாச் சாமானும் குளியலறை அலமாரியில், எல்லார் கண்ணிலும் படும்படி இருக்கட்டும். ஏழாவது பிரஷ்ஷுக்கு அந்த அலமாரியில் இடம் இல்லை என்று அவர் மனைவியே சொல்லிவிடுவார். உங்கள் உறுத்தல் இத்தனை வருஷத்தில் ஒரு ஆர்டரையாவது ரத்து செய்திருக்கிறதா என்று தொகுப்புரையில் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்.