மலை இறங்கத் தெரியுமா? செங்கலடி – நுவரெலியா பைக் பயணம்

[காட்சி: செங்கலடிச் சந்தி, அதிகாலை. பைகள் கட்டிய இரண்டு பைக்குகள்.]

வணக்கம். செங்கலடிச் சந்தியில் மேற்கே திரும்புகிற இந்த வீதிக்கு ஏ5 என்று பெயர். இதன் மறுமுனை பேராதனை. இடையில் கரடியனாறு, புல்லுமலை, மகாஓயா, பிபிலை, லுணுகலை, பசறை, பதுளை, வெலிமடை, நுவரெலியா, றம்பொடை, கம்பளை. வாவிக்கரையில் புறப்பட்டு, 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவைத் தொட்டு, மறுபக்கம் இறங்கும்வரை வீதி மாறத் தேவையே இல்லை. அம்பாறைப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் உகனை வழியாக வந்து மகாஓயாவில் சேர்ந்துகொள்ளலாம்.

லீவு கிடைத்தால் மலைநாட்டுக்கு பைக்கில் போகவேண்டும் என்று நம் பக்கத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் ஆசை. போகத்தான் வேண்டும், அவ்வளவு அழகான பாதை. ஆனால் நாம் ஓட்டிப் பழகியது தட்டை நிலம். ஏறாவூரிலிருந்து கல்முனை வரை ஓடினாலும் பாலத்தைத் தவிர ஒரு மேடு வராது. வண்டியை நிறுத்தத்தான் பிரேக் பிடித்திருக்கிறோம். மணிக்கணக்காக வண்டியை அடக்கிக்கொண்டே இறங்கிப் பழகவில்லை. இந்த வீடியோ அதற்காகத்தான்.

[காட்சி: பசறைக்கு ஏறும் வளைவுகள். தேயிலைச் சரிவு.]

ஏறுவதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. நுவரெலியா உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய 80 வீதம்தான். இஞ்சினுக்குக் கிடைக்கும் காற்று குறையும், இழுவையும் ஐந்தில் ஒரு பங்கு குறையும். காபரேட்டர் வண்டி கொஞ்சம் கறுப்பாகப் புகைக்கலாம். பழுது என்று பயப்படாதீர்கள். கியரைக் குறைத்து, ஆறுதலாக ஏறுங்கள்.

எந்த மாதம் போவது? இதற்கு நம் ஊர்க் காற்றே பதில் சொல்லும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை இங்கே கச்சான் காற்று வீசும், உடம்பெல்லாம் காயும். அது வேறொன்றுமில்லை, தென்மேற்குப் பருவக்காற்றுத்தான். மலையின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, நம் பக்கம் இறங்கும்போது உலர்ந்து சூடாகி வருகிறது. அதனால் மட்டக்களப்பில் கச்சான் அடிக்கும் நாட்களில் பதுளைப் பக்கம் வெயிலாக இருந்தாலும், நுவரெலியாவைத் தாண்டி றம்பொடையில் பெரும்பாலும் மழையும் புகாருமாக இருக்கும். நவம்பர் முதல் ஜனவரி வரை இது தலைகீழ். நமக்கு மாரி, லுணுகலை, பசறைச் சரிவுகளிலும் மழை. மண்சரிவுக் காலமும் அதுதான். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விட்டிருந்தால் அந்தப் பயணத்தை விட்டுவிடுங்கள். என்னைக் கேட்டால் பெப்ரவரி, மார்ச். குளிர் இருக்கும், ஆனால் வீதி காய்ந்திருக்கும்.

[காட்சி: முன் பிரேக் டிஸ்க், மிக அருகில்.]

இப்போது இறக்கம். வண்டி, ஓட்டுகிறவர், பின்னால் ஒருவர், பைகள், எல்லாம் சேர்த்து 300 கிலோ என்று வைப்போம். இந்த எடை 100 மீட்டர் உயரம் இறங்கும்போது வெளியேற வேண்டிய சக்தி, ஒரு லீற்றர் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதும். ஒவ்வொரு 100 மீட்டருக்கும் ஒரு லீற்றர். காற்றும் டயரும் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். மீதியை நீங்கள் பிரேக்கிடம் கொடுக்கலாம், இல்லையென்றால் இஞ்சினிடம் கொடுக்கலாம்.

முழுவதையும் பிரேக்கிடம் கொடுத்தால் என்ன ஆகும்? டிஸ்க் பிரேக்கில் சூடு ஒயிலுக்குப் போகும். டொட் 3 பிரேக் ஒயில் புதிதாக இருக்கும்போது 205 பாகையில் கொதிக்கும். ஆனால் இந்த ஒயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். வாவிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிற நமக்கு ஈரத்துக்குக் குறைவா? ஈரம் ஏறிய ஒயிலின் கொதிநிலை 140 வரை இறங்கிவிடும். கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழி. குமிழி நசுங்கும், ஒயில் நசுங்காது. அதனால் லீவரை இழுத்தால் ஹாண்டில் வரைக்கும் வந்துவிடும், வண்டி நிற்காது. ட்ரம் பிரேக்கில் வேறு விதம்: சூட்டில் ட்ரம் விரியும், லைனர் மினுங்கிப்போய்ப் பிடிக்காது.

புறப்படுமுன் ஹாண்டிலில் இருக்கும் ஒயில் டப்பாவின் சின்னக் கண்ணாடியைப் பாருங்கள். ஒயில் தேத்தண்ணி நிறத்துக்கு வந்திருந்தால் மாற்றிவிட்டுத்தான் போகவேண்டும். நிறம் மாறாவிட்டாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது.

இஞ்சினிடம் கொடுப்பது எப்படி? பழைய மெக்கானிக்மார் சொல்வார்கள், "ஏறின கியரிலயே இறங்கு மனே" என்று. இரண்டாம் கியரில் ஏறிய மேட்டில் இரண்டாம் கியரிலேயே இறங்குங்கள். அக்சிலேட்டரை விட்டால் இஞ்சின் காற்றை இழுக்கச் சிரமப்பட்டு, சில்லைப் பின்னுக்கு இழுத்துப் பிடிக்கும். சத்தம் கூடும், அது கூடத்தான் வேண்டும். பிரேக்கை வளைவுக்கு முன்னாலேயே நன்றாகப் பிடித்து, வேகத்தைக் குறைத்து, விட்டுவிடுங்கள். தேய்த்துக்கொண்டே போகாதீர்கள். பிடித்து விடும் இடைவெளியில்தான் டிஸ்க் ஆறும்.

பெற்றோல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். இன்ஜெக்‌ஷன் வண்டியில், கியரோடு இறங்கும்போது அக்சிலேட்டரை விட்டால் பெற்றோல் நின்றுவிடும். நியூட்ரலில்தான் எரிந்துகொண்டிருக்கும். உயிரையும் பணயம் வைத்து, மிச்சமும் இல்லை.

ஸ்கூட்டர் வைத்திருக்கும் தங்கச்சிமாருக்கும் தம்பிமாருக்கும்: உங்கள் வண்டி இழுத்துப் பிடிக்கும், ஆனால் வேகம் மிகக் குறைந்ததும் கிளட்ச் விட்டுவிடும். அதற்குப் பிறகு பிரேக் மட்டும்தான். பின்னால் ஆள் ஏற்றாமல், அடிக்கடி நின்று நின்று போங்கள். கருகிய வாசம் வந்தால் அரை மணித்தியாலம் நில்லுங்கள். சூடான டிஸ்கில் தண்ணீர் ஊற்ற வேண்டாம், நெளிந்துவிடும்.

[காட்சி: பதினெட்டு வளைவு. கீழே மகாவலிச் சமவெளி.]

திரும்பும்போது கண்டியிலிருந்து ஹுன்னஸ்கிரிய வழியாக வந்தால் பதினெட்டு வளைவு வரும். ஊசி வளைவுகள் ஒன்றன்பின் ஒன்றாக மகியங்கனைப் பக்கம் இறங்கும் இடம். ஏறி வரும் பஸ்ஸுக்கு வழிவிட்டு, வளைவின் வெளிப்புறத்தில் அது முழு வீதியையும் எடுக்கும் என்று நினைத்துக்கொண்டே இறங்குங்கள். அடிவாரத்தில் ஹசலக. அங்கே பிரேக் ஆறும்வரை தேத்தண்ணி குடிக்கலாம்.

அதன்பின் பதியத்தலாவ, மகாஓயா, மறுபடி தட்டை நிலம். மலை முடிந்துவிட்டது என்று முறுக்காதீர்கள். மகாஓயாவுக்கும் புல்லுமலைக்கும் இடையில் பொழுதுபட்டால் யானை வீதிக்கு வரும். பின்னேரம் ஐந்து மணிக்குள் அந்தக் காட்டைத் தாண்டுகிற மாதிரிக் கண்டியில் புறப்படுங்கள். தாமதமாகிவிட்டால் மகியங்கனையிலேயே தங்கி, விடிந்த பிறகு வாருங்கள்.