அடுப்புக்குப் போன காகிதங்கள்

வானொலி நேயர்கள் அனைவருக்கும் என் அன்பான வணக்கம்.

ஒரு கல்லூரியில் 31 ஆண்டுகள் மொழியியல் சொல்லிக்கொடுத்தவன் நான். ஜூன் மாதம் சேர்க்கை நடக்கும்போது, மகளையோ மகனையோ கூட்டிக்கொண்டு வரும் ஒரு தகப்பனார் தவறாமல் ஒரு கேள்வி கேட்பார்: "சார், இதைப் படிச்சா என்ன பிரயோஜனம்?" பீஸ் கட்டுவதற்காக நகையை அடகு வைத்துவிட்டு வந்திருப்பார். அவர் கேட்பதில் தவறே இல்லை. ஆனால் வரிசையில் பின்னால் பத்துப் பேர் நிற்கும்போது அதற்கு முழுப் பதில் சொல்ல முடியாது. அந்தப் பதிலைத்தான் இன்று சொல்லப் பார்க்கிறேன்.

மூன்று பேரைப் பற்றிப் பேச நினைத்து வந்திருக்கிறேன். முதல் இருவருக்கும் ஒரு பொதுவான சோகம் உண்டு. இருவர் எழுதி வைத்த காகிதங்களும் நெருப்புக்குப் போயின. ஒருவர் கண்டறிந்தது தமிழ்நாட்டு அரசியலுக்குள் போனது. மற்றவர் கண்டறிந்தது இன்று வங்கிகளின் கணினிக்குள் இருக்கிறது. இரண்டையும் அவர்கள் கனவில்கூட நினைத்திருக்க மாட்டார்கள்.

முதலாமவர் பிரான்சிஸ் வைட் எல்லிஸ். 1810 முதல் சென்னையின் கலெக்டர். கிழக்கிந்தியக் கும்பினி அதிகாரிதான், ஆனால் தமிழில் தோய்ந்தவர். சென்னையில் குடிதண்ணீர்ப் பஞ்சம் வந்தபோது 27 கிணறுகள் வெட்டுவித்தார். அதைச் சொல்லும் 1818-ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று இராயப்பேட்டையில் கிடைத்தது. தன் பெயரை அதில் 'எல்லீசன்' என்று தமிழாக்கிப் பொறித்திருக்கிறார். ஒரு நாட்டுக்கு என்னென்ன வேண்டும் என்று சொல்லும் 'இருபுனலும் வாய்ந்த மலையும்' என்ற குறளும் அந்தக் கல்லில் இருக்கிறது. கிணற்றடிக் கல்லில் குறளைப் பொறித்த கலெக்டர்! இவரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு நிறுத்த மனம் வராது. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

1812-இல் சென்னைக் கோட்டையின் பெயரால் ஒரு கல்லூரி தொடங்கினார்கள். சீமையிலிருந்து புதிதாக வரும் இளம் அதிகாரிகளுக்கு இங்குள்ள மொழிகளைக் கற்றுக்கொடுப்பதற்காக. அதற்கு முன்னால் நின்றவர் எல்லிஸ். அங்கே ஒரு நடைமுறைச் சிக்கல் இருந்தது. ஓர் இளைஞனை இன்று தஞ்சாவூருக்கு அனுப்புவார்கள், நாளை கடப்பைக்கு, அப்புறம் பெல்லாரிக்கு. அவன் எந்த மொழியை முதலில் படிப்பது? சமஸ்கிருதத்தைப் படித்தால் மற்றவை தாமாக வந்துவிடுமா? தென்னாட்டு மொழிகளெல்லாம் சமஸ்கிருதத்திலிருந்து பிறந்தவை என்றுதான் அப்போது பல அறிஞர்கள் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

எல்லிஸ் அதை மறுத்தார். 1816-இல் கேம்பெல் என்ற இன்னோர் அதிகாரி ஒரு தெலுங்கு இலக்கணம் வெளியிட்டார். அதன் முகப்பில் எல்லிஸ் ஒரு குறிப்புரை சேர்த்தார். சமஸ்கிருத வேர்ச்சொற்களையும் தெலுங்கு வேர்ச்சொற்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒட்டவில்லை. தெலுங்கு, கன்னடம், தமிழ் மூன்றின் வேர்களையும் அதே போல வைத்தார். ஒட்டின. கடன் வாங்கிய சொல் எத்தனை இருந்தாலும் வேர் வேறுதான், இவை தனிக்குடும்பம் என்றார். நம் வீட்டிலேயே பாருங்கள். பேச்சில் எத்தனை ஆங்கிலச் சொல் கலந்தாலும் 'பஸ்ஸில் போனேன்' என்று சொல்லும்போது 'போ' நம்முடையதுதானே, அந்த 'இல்', 'ஏன்' நம்முடையதுதானே. அதைத்தான் அவர் கண்டார்.

அவருக்கு ஒரு வைராக்கியம் இருந்தது. நாற்பது வயது ஆகும்வரை, அறிவு நன்றாகக் கனியும்வரை, எதையும் பெரிதாக வெளியிடுவதில்லை என்று. அதனால் எழுதினார், எழுதினார், எழுதிப் பெட்டியில் வைத்தார். நாற்பது தாண்டியது. 1819 மார்ச்சில் இராமநாதபுரம் போன இடத்தில் தவறுதலாக நஞ்சு உட்கொண்டு இறந்துபோனார். அவர் உடைமைகள் ஏலத்துக்குப் போயின. காகிதத்தை யார் ஏலம் எடுப்பார்கள்? மதுரையில் ஓர் அதிகாரி வீட்டுச் சமையல்காரர் அடுப்புப் பற்றவைக்கவும் கோழி வாட்டவும் பல மாதம் அந்தத் தாள்களைப் பயன்படுத்தினாராம். பின்னாளில் வால்டர் எலியட் என்ற அறிஞர் இப்படிக் கேள்விப்பட்டதாக எழுதி வைத்திருக்கிறார்.

இதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் எனக்குக் குரல் தழுதழுக்கும். இப்போதும் அப்படித்தான் இருக்கிறது. அந்தச் சமையல்காரரை நான் குறை சொல்லமாட்டேன். அவருக்கு அது வெறும் தாள். அதன் அருமை தெரிந்தவர்கள் பக்கத்தில் இல்லை, அவ்வளவுதான். சில தாள்கள் எப்படியோ தப்பின. ஆனால் நின்று பயன் தந்தது அச்சேறியதுதான். அதுவும் இன்னொருவர் புத்தகத்தின் முகப்பில் அச்சேறியது.

நாற்பது ஆண்டுகள் போயின. 1856-இல், திருநெல்வேலிச் சீமையின் இடையன்குடியில் பணியாற்றிய பாதிரியார் கால்டுவெல் தன் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டார். 'திராவிட' என்ற பெயர் இந்த மொழிக் குடும்பத்துக்கு நிலைத்தது அவரால்தான். 1891-இல் திருவனந்தபுரத்தில் தத்துவப் பேராசிரியராக இருந்த சுந்தரம் பிள்ளை தன் நாடகத்தின் வாழ்த்துப் பாட்டில் கன்னடமும் தெலுங்கும் மலையாளமும் துளுவும் தமிழன்னை வயிற்றில் பிறந்தவை என்று பாடினார். இங்கே ஒன்றைக் கவனியுங்கள். மொழியியல் சொல்வது இவையெல்லாம் அக்கா தங்கைகள் என்று; இவற்றுக்கு மூலமாக ஒரு பழைய தாய் இருந்தாள் என்று. கவிஞர் தமிழையே தாய் ஆக்கினார். ஆராய்ச்சி கைமாறும்போது உருவும் மாறும். பாட்டு பாட்டாக இருக்கட்டும், அதன் உணர்ச்சி உண்மையானது. ஆனால் படித்தவர்கள் இரண்டையும் தனித்தனியாகத் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதக்காரன்.

1944-இல் சேலம் மாநாட்டில் நீதிக்கட்சி திராவிடர் கழகம் ஆனது. 1949-இல் திராவிட முன்னேற்றக் கழகம். 1967-இல் ஆட்சி. இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். அந்தச் சொல்லைச் சுற்றி சமத்துவம், சுயமரியாதை, மொழியுரிமை என்று எத்தனையோ சேர்ந்தன. அவை எல்லாம் மக்கள் போராடிச் சேர்த்தவை, இலக்கணப் புத்தகத்தில் இருந்தவை அல்ல. ஆனால் அந்தச் சொல்லுக்கு அடியில் கிடந்த சான்று, இளம் அதிகாரி எந்த மொழியை முதலில் படிக்க வேண்டும் என்ற கேள்வியிலிருந்து வந்தது.

சரி, இரண்டாமவருக்கு வருகிறேன். மோசஸ் ஷோன்ஃபிங்கல். இன்று உக்ரைனில் உள்ள நிப்ரோ நகரில் பிறந்தவர். ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் ஹில்பர்ட் என்ற மாபெரும் கணித அறிஞரிடம் இருந்தார். 1920 டிசம்பரில் அங்கே ஓர் உரை நிகழ்த்தினார். தர்க்கத்தை எவ்வளவு சிறிய செங்கற்களைக் கொண்டு கட்ட முடியும் என்பது அவர் கேள்வி. மிகச் சில செங்கற்களே போதும் என்று காட்டினார். குறியீடுகளை வானொலியில் காட்ட முடியாது, தமிழிலேயே சொல்கிறேன். 'செய்' என்ற சொல் இருக்கிறது. செய்வி, செய்வித்த, செய்வித்தவர், செய்வித்தவர்களுக்கு. ஒவ்வொரு ஒட்டும் தனக்கு முன்னால் இருப்பதை வாங்கிப் புதிதாக ஒன்றைத் தருகிறது, அடுத்த ஒட்டு அதை வாங்கிக்கொள்கிறது. ஒரு நேரத்தில் ஒன்றே ஒன்று. ஏறக்குறைய இப்படித்தான் அவருடைய முறையும். இந்தக் கட்டுமானத் துண்டுகளைக் கணினிக்காரர்கள் 'கம்பைனேட்டர்' என்பார்கள்.

அந்த உரையை அவரே அச்சுக்குக் கொடுக்கவில்லை. உடன் இருந்த பேமன் என்பவர் எழுதி 1924-இல் வெளியிட்டார். ஷோன்ஃபிங்கல் மாஸ்கோ போனார், மனநோய் வந்தது, 1942-இல் வறுமையில் இறந்தார். போர்க்காலம், கடுங்குளிர். அவர் விட்டுச்சென்ற காகிதங்களை அக்கம்பக்கத்தார் குளிர்காய எரித்துவிட்டார்கள் என்று சொல்கிறார்கள். மறுபடியும் நெருப்பு. மறுபடியும், இன்னொருவர் அச்சேற்றியதால் மிஞ்சியது ஒன்று.

ஹாஸ்கெல் கரி என்ற அமெரிக்கர் அந்தக் கட்டுரையைக் கண்டெடுத்து வாழ்நாளெல்லாம் வளர்த்தார். 1990-இல் ஒரு நிரல்மொழிக்கு, அதாவது கணினிக்குக் கட்டளை எழுதும் மொழி ஒன்றுக்கு, அவர் பெயரையே வைத்தார்கள், ஹாஸ்கெல் என்று. 2000-இல் சைமன் பெய்டன் ஜோன்ஸ், ழான்-மார்க் ஏபெர், ஜூலியன் சேவர்ட் மூவரும் நிதி ஒப்பந்தங்களைக் கம்பைனேட்டர்களால் எழுதலாம் என்று காட்டினார்கள். வங்கியில் நாம் போடும் டெபாசிட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 'ஒரு ரூபாய் பெறு' என்பது ஒரு துண்டு. 'அதை இத்தனை மடங்காக்கு' ஒன்று. 'இந்தத் தேதியில்' ஒன்று. 'பெறுபவர் கொடுப்பவர் ஆகட்டும்' என்று திருப்பிப்போடுவது ஒன்று. 'இரண்டையும் சேர்' ஒன்று. இன்று நூறு ரூபாய் கொடுத்து ஓராண்டு கழித்து வட்டியோடு வாங்குவது இந்தத் துண்டுகளால் முழுமையாக எழுதப்பட்டுவிடும். எவ்வளவு சிக்கலான ஒப்பந்தமும் அப்படியே. துண்டுகளுக்கு மதிப்புப் போடத் தெரிந்தால் முழுவதற்கும் மதிப்புப் போடலாம். ஸ்டாண்டர்ட் சார்ட்டர்ட் போன்ற பெரிய வங்கியிலேயே ஹாஸ்கெல் வழியில் நிரல் எழுதும் குழு இருக்கிறது.

இது எனக்குத் தெரியவந்ததே ஒரு மாணவியால்தான். என்னிடம் மொழியியல் படித்து, அப்புறம் கணினி படித்து, சென்னையில் ஒரு வங்கியின் மென்பொருள் பிரிவில் வேலை பார்க்கிறாள். ஒரு நாள் ராத்திரி போன் செய்து, "சார், நீங்க விகுதி நடத்தின மாதிரியேதான் இங்க கான்ட்ராக்ட் எழுதுறோம்" என்றாள். அவளைச் சேர்க்க வந்தபோது அவள் தகப்பனாரும் அதே கேள்வியைக் கேட்டவர்தான். எனக்கு அன்று தூக்கம் வரவில்லை, மகிழ்ச்சியில்.

மணியைப் பார்க்கச் சொல்லிக் கை காட்டுகிறார்கள். மூன்றாமவருக்கு ஒரு நிமிடம்தான் மிச்சம். அவர் பட்டாபிராம சாஸ்திரி. எல்லிஸின் கல்லூரியில் சமஸ்கிருதத்துக்கும் தெலுங்குக்கும் தலைமை ஆசிரியர். தெலுங்கு வேர்ச்சொற்களை ஒவ்வொன்றாகத் திரட்டி வரிசைப்படுத்தியவர் அவர்தான். எல்லிஸ் சமஸ்கிருதத்தோடு ஒப்பிட்டுக் காட்டிய தெலுங்குப் பட்டியல் அவருடைய தொகுப்பிலிருந்து எடுத்தது. எல்லிஸ் அதை மறைக்கவில்லை, பெயர் சொல்லியே குறித்திருக்கிறார். அந்த மனிதர் எப்படி உட்கார்ந்து அதைத் திரட்டினார், வேரை எப்படிப் பிரித்தார் என்பதைத்தான் இன்று விரிவாகச் சொல்ல வேண்டும் என்று வந்தேன். இன்னொரு முறை அழைத்தால் அவரிலிருந்தே தொடங்குகிறேன்.

வணக்கம்.