தலையில் நிற்கிற ஹெட்கார்டு: வடசென்னை குத்துச்சண்டைப் பசங்களுக்கான வடிவமைப்பு

(காட்சி: காசிமேட்டுப் பக்கம் ஒரு பயிற்சிக்கூடம். சாயங்கால நேரம். தகரக் கூரை, சிமெண்ட் தரை. இரண்டு சிறுவர்கள் ஸ்பாரிங் (பயிற்சிச் சண்டை) செய்கிறார்கள்.)

அந்த நீல பனியன் பையனைக் கவனிங்க. ஒரு ரவுண்டுக்குள்ள நாலு தடவை கிளவுஸாலயே ஹெட்கார்டை, அதாவது குத்துச்சண்டைத் தலைக்கவசத்தை, மேல தள்ளி விட்டுட்டான். தள்ளுற நேரத்துல அவன் கை முகத்துக்கு முன்னாடி இல்ல. தள்ளாம விட்டா கார்டு புருவத்துக்குக் கீழ இறங்கிடும், பக்கத்துலேர்ந்து வளைஞ்சு வர்ற ஹூக் குத்து கண்ணுக்கே தெரியாது. தெரியாம வாங்குற குத்துதான் தலையை அதிகமா ஆட்டும். ஏன்னா கழுத்து இறுகித் தயாரா இருக்காது.

உறுத்துற கார்டைப் பசங்க கழட்டி வச்சிடுவாங்க, இல்லன்னா பட்டையை லூசா மாட்டிக்குவாங்க. ரெண்டு விதத்துலயும் உள்ள இருக்கற ஃபோம் எவ்வளவு ஒசத்தியா இருந்தாலும் பிரயோஜனம் இல்ல. அதனால இந்த வீடியோல வசதியையும் பாதுகாப்பையும் ஒண்ணாவே பேசப்போறோம். சார்பட்டா, இடியாப்ப நாயக்கர்னு பரம்பரை பேர் சொல்லிக் குத்துச்சண்டை வளர்ந்த ஊர் இது. இந்த ஊர் வெயிலுக்கும், ஆறு பேருக்கு ஒரு கார்டுங்கற நிலைமைக்கும் எது தாங்கும்னு பார்ப்போம்.

(காட்சி: மண்டை ஓடு, மூளை, கழுத்து. தலை பக்கவாட்டில் திரும்பும் வரைபடம்.)

முதல்ல ஒரு உண்மை. ஹெட்கார்டு போட்டா மூளை அதிர்ச்சி வராதுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. மூளை சுமார் 1.3 கிலோ, தண்ணி மாதிரியான திரவத்துல மிதக்குது. தாடையில ஒரு ஹூக் விழும்போது தலை கழுத்தை அச்சா வச்சுச் சட்டுனு திரும்பும். மண்டை ஓடு திரும்பிடும், மூளை கொஞ்சம் பின்தங்கும். அந்த முறுக்குலதான் நரம்பிழைங்க இழுபடுது. மேல ஒட்டியிருக்கிற ஃபோமால இந்தச் சுழற்சியைப் பெருசாத் தடுக்க முடியாது. ஒலிம்பிக்ல 1984 லாஸ் ஏஞ்சலஸ்ல வந்த ஹெட்கார்டு, ஆண்களுக்கு 2016 ரியோல இல்லாமப் போனதுக்கு இந்த விவாதமும் ஒரு காரணம். எடுத்த பிறகு புருவ வெட்டுக் காயங்கள் கூடுச்சு. அதுலேர்ந்தே கார்டோட வேலை எதுன்னு புரியும்.

வெட்டுக் காயம், காது நசுங்கி வீங்குறது, தலையோட தலை மோதுறது, கீழ விழுந்து பின்மண்டை தரையில அடிபடுறது. இந்த நாலையும் நல்ல கார்டு நிச்சயமாக் குறைக்கும். கடைசியாச் சொன்னதுதான் நம்ம ஊருக்கு ரொம்ப முக்கியம். ரிங் இல்லாம வெறும் சிமெண்ட் தரையில, மேல ஒரு தார்ப்பாய் மட்டும் விரிச்சுப் பயிற்சி நடக்குற இடங்கள் நிறைய.

(காட்சி: கரும்பலகையில் சாக்பீஸால் கணக்கு.)

ஒன்றரை மீட்டர் உயரத்துலேர்ந்து தலை விழுந்தா, தரையைத் தொடும்போது வேகம் விநாடிக்கு 5.4 மீட்டர். வெறும் தலையில அந்த வேகம் தோல் தடிமனான 3 மில்லிமீட்டருக்குள்ள நிக்குதுன்னு வைங்க. சராசரித் தாக்கம் புவியீர்ப்போட 500 மடங்கு. அதே வேகம் 15 மில்லிமீட்டர்ல நின்னா 100 மடங்கு. உச்சத் தாக்கம் ரெண்டுலயுமே இதைவிடக் கூடத்தான் இருக்கும், ஆனா வித்தியாசம் அஞ்சு மடங்குங்கறதைப் பிடிச்சுக்கோங்க. நிக்கிற தூரம்தான் எல்லாம்.

ஃபோம் தன் தடிமன்ல மூணுல ரெண்டு பங்குதான் அமுங்கும். அதுக்கு மேல கல்லு மாதிரி. அப்போ 15 மில்லிமீட்டர் தூரம் வேணும்னா 23, 24 மில்லிமீட்டர் ஃபோம் வைக்கணும். இப்போ கடையில வாங்கின ஒரு கார்டைத் திருப்பிப் பாருங்க. நெத்தியிலயும் கன்னத்துலயும் கொழுக்குன்னு இருக்கும். பின்மண்டையில? ஒரு வெல்க்ரோ பட்டை, அதுக்கு அடியில ஒரு விரல் அகலத்துக்கு மெல்லிசு ஸ்பாஞ்ச். தரையில படுற இடத்துல ஒண்ணுமே இல்ல. நாம வடிவமைக்கும்போது பின்மண்டைக்கு 25, நெத்திக்கும் காதோரப் பொட்டுக்கும் 20 முதல் 22, கன்னத்துக்கு 12 முதல் 15 மில்லிமீட்டர். கன்னத்துல அதுக்கு மேல போனா கீழ்ப்பார்வை மறைஞ்சு, கீழேர்ந்து மேல வர்ற அப்பர்கட் குத்து தெரியாது.

எடை மொத்தம் 400 கிராமைச் சுத்தி நிக்கணும், 450ஐத் தாண்டவே கூடாது. கனம் கூடினா கழுத்துக்குச் சுமை. பருமன் கூடக்கூட, குத்து படுற இடம் கழுத்துலேர்ந்து தள்ளிப் போகுது, தலை இன்னும் சுலபமாத் திரும்பும். பெரியவங்க கார்டைப் பத்து வயசுப் பையனுக்கு மாட்டுறது இதனாலதான் தப்பு.

(காட்சி: மேஜை மேல் மூன்று துண்டு ஃபோம், ஒரு களிமண் தட்டு, இரண்டு கிலோ எடைக்கல்.)

எந்த ஃபோம்? தெர்மகோல் வேண்டாம். பைக் ஹெல்மெட்டுக்கு அது சரி, ஒரே அடியில நொறுங்கி வேலையை முடிச்சிடும். இங்க ஒரு சாயங்காலத்துக்கு நூறு அடி விழும். செருப்பு அடிப்பாகத்துக்குப் போடுற ஈவிஏ ஷீட் ரொம்பக் கெட்டி. மெத்தை ஸ்பாஞ்ச் கட்டைவிரல் அழுத்தத்துலயே முழுசா அமுங்கி அடி தட்டிடும். நடுப்பகுதிக்கு ஏத்தது வினைல் நைட்ரைல் ஃபோம். உள்ள இருக்கற காத்துக் குமிழிங்க ஒவ்வொண்ணும் தனித்தனியா மூடியிருக்கும், வியர்வை உள்ள இறங்காது, அடிச்ச பிறகு மெதுவாப் பழைய உருவத்துக்கு வரும். கனமீட்டருக்கு 100 கிலோவைச் சுத்தின அடர்த்தி எடுங்க.

சந்தேகம்னா சோதிச்சுப் பாருங்க. கொசப்பேட்டைல பொம்மை செய்யற களிமண்ணே போதும். அஞ்சு சென்டிமீட்டர் கனத்துக்குத் தட்டி, மேல ஃபோம் துண்டை வச்சு, எடைக்கல்லை அரை மீட்டர் உயரத்துலேர்ந்து விடுங்க. களிமண்ல விழுந்த பள்ளத்தை அளங்க. அதே துண்டுல பத்து தடவை. பத்தாவது பள்ளம் முதல் பள்ளத்தைவிட ரொம்ப ஆழமா இருந்தா அந்த ஃபோம் ஒரு மாசம் தாங்காது. அப்புறம் துண்டை ஒரு மணி நேரம் மத்தியான வெயில்ல வச்சுட்டுத் திரும்பச் செய்ங்க. சூட்டுல இளகிற ஃபோம் நிறைய உண்டு, காலையில நல்லா இருந்தது மே மாசத்துல அடி தட்டும்.

இன்னொண்ணு, எடைக்கல் எவ்வளவு துள்ளுதுன்னும் பாருங்க. விட்ட உயரத்துல பாதிக்குத் துள்ளுச்சுன்னா, பாதி சக்தியை ஃபோம் திருப்பிக் கொடுத்துடுச்சுன்னு அர்த்தம். தலை நிக்கிறதோட இல்லாம எதிர்த்திசையிலயும் தள்ளப்படும். துள்ளாம சோம்பலா உக்கார்ற ஃபோம்தான் வேணும். இந்தச் சோதனை ஒண்ணோட ஒண்ணை ஒப்பிடத்தான். தரச்சான்று ஆகாது.

(காட்சி: குறுக்கே வெட்டிய ஹெட்கார்டு. அடுக்குகள் தெரிகின்றன.)

வெளித்தோல் 1 மில்லிமீட்டர், வழவழப்பா. பெரியமேட்டுத் தோல் கடைங்கள்ல மெல்லிசுத் தோல் கிடைக்கும், ரெக்ஸினும் போதும். சொரசொரப்பு ஆகாது. கிளவுஸ் வழுக்கிப் போகணும், பிடிச்சு இழுக்கக் கூடாது. சைக்கிள் ஹெல்மெட்ல மிப்ஸ் மாதிரி உள்ளுக்குள்ள நகர்ற அடுக்கு வச்சுச் சுழற்சியைக் குறைப்பாங்க. அதைத் தையல் மெஷின்ல பாவனை பண்ண வேண்டாம், கார்டு கண்ணு மேல திரும்பி நிக்கும்.

தையல் கண்ணி 3 முதல் 4 மில்லிமீட்டர். நெருக்கித் தச்சா ரெக்ஸின் தபால்தலை மாதிரி கிழியும். பருத்தி நூல் வியர்வையில மக்கிடும், பாலியெஸ்டர் நூல் போடுங்க. உலோகக் கொக்கி கூடவே கூடாது, முகத்தைக் கிழிக்கும். கடல்காத்துல துருவும் பிடிக்கும்.

உள்ள, தலையைத் தொடுற 6 மில்லிமீட்டர் மெத்தடுக்கைத் தச்சு மூடாதீங்க. வெல்க்ரோ பொட்டு வச்சுக் கழட்டி மாட்டுற மாதிரி செய்ங்க. இதுதான் இந்த வடிவமைப்புல ரொம்ப முக்கியமான முடிவு. ஒரே கார்டை ஆறு பிள்ளைங்க போடும்போது படர்தாமரையும் பேனும் சேர்ந்தே பரவும். வெளிக்கூடு பயிற்சிக்கூடத்துக்குச் சொந்தம், உள்மெத்தை அவங்கவங்களுக்குச் சொந்தம். பேரை எழுதி வீட்டுக்குக் கொடுத்து விடலாம், துவைக்கலாம். மெத்தையை 4, 8 மில்லிமீட்டர்னு ரெண்டு கனத்துல கூடுதலாச் செய்தா அளவுப் பிரச்சினையும் தீரும்.

(காட்சி: ஒரு சிறுமியின் தலையைச் சுற்றி டேப். அருகில், பின்மண்டை மேடு.)

அளவெடுக்கிறப்போ புருவத்துக்கு ரெண்டு சென்டிமீட்டர் மேல, பின்னாடி ரொம்பப் புடைச்ச இடத்தைச் சுத்தி டேப்பைப் பிடிங்க. அது போதாது. 56 சென்டிமீட்டர் தலை ரெண்டு இருந்தா ஒண்ணு நீளமாவும் ஒண்ணு உருண்டையாவும் இருக்கும். நெத்தியில வலிக்குது, பொட்டுல இடைவெளின்னு சொன்னா அது நீளத் தலை. பக்கத்துக்கு 8 மில்லிமீட்டர் மெத்தை, நெத்திக்கு 4.

இப்போ பின்னாடி பாருங்க. விரலை வச்சுத் தடவினா ஒரு எலும்பு மேடு. அது முடிஞ்சு கழுத்துத் தசை தொடங்குற பள்ளம் இருக்கே, அங்கதான் பட்டை உக்காரணும். நிறைய கார்டுல பட்டை அந்த மேட்டு மேலேயே போகுது. நேரா வர்ற ஜாப் குத்து ஒண்ணு விழுந்தா மேல ஏறும், முன்பக்கம் கண்ணுல இறங்கும். பட்டையை 2 சென்டிமீட்டர் கீழ இறக்கினாலே நீல பனியன் பையன் கை முகத்துக்கு முன்னாடி வந்துடும்.

பொண்ணுங்களுக்குச் சடை. கார்டுக்குள்ள சுருட்டி வச்சா அது பந்து மாதிரி நின்னு கார்டைத் தூக்கும். உச்சியைத் திறந்து விட்டு, பின்பக்கத் துண்டை ரெண்டாப் பிரிச்சு நடுவுல 3 சென்டிமீட்டர் வழி விட்டா சடை கீழ இறங்கும். அந்த வழிக்குக் கீழ பட்டை, ரெண்டு பக்கமும் முழுக் கனம். தலைக்கு எண்ணெய் வச்சு வந்தாலும் வழுக்கும், யாரா இருந்தாலும். அன்னிக்கு ஒரு பருத்தித் துணியைக் கட்டி மேல போடச் சொல்லுங்க.

வெயிலுக்கு, ஃபோம்ல ஓட்டை போட வேண்டாம், அந்த இடம் பலவீனமாகும். தலைப் பக்கம் 6 மில்லிமீட்டர் அகலத்துல, முன்னாடியிலேர்ந்து பின்னாடி வரைக்கும் நாலு வாய்க்கால் மாதிரி பள்ளம் விடுங்க. காத்து நகரும். நெத்தியில டர்க்கி டவல் துணியில ஒரு பட்டை, நாலு ரவுண்டுக்கு ஒருக்கா மாத்தணும். உப்பு வேர்வை கண்ணுல இறங்கினா பையன் கண்ணை மூடுவான், அந்த நேரம் பார்த்து ஜாப் வரும். காதுக்கு வட்டமா ஒரு வளையம் விடுங்க, மடல் மடியாம உள்ள உக்காரணும், மாஸ்டர் குரலும் கேக்கணும்.

(காட்சி: மாஸ்டர் ஒரு சிறுவனின் ஹெட்கார்டைச் சோதிக்கிறார்.)

ரிங்குக்குள்ள விடுறதுக்கு முன்னாடி, கார்டை ரெண்டு கையால பிடிச்சுப் பக்கவாட்டுல ஆட்டுங்க. புருவத் தோலும் கூடவே நகரணும். கார்டு மட்டும் நகர்ந்தா லூசு. தாடைப் பட்டைக்குள்ள ரெண்டு விரல் போகணும், மூணு போகக் கூடாது. நேரா பார்க்கச் சொல்லிட்டு, பேனாவைக் காதுக்குப் பக்கத்துலேர்ந்து மெதுவா முன்னாடி கொண்டு வாங்க. காது தாண்டி ஒரு சாண் வர்றதுக்குள்ள அவன் பார்த்துடணும். தலையைக் குனியாம தன் கிளவுஸைப் பார்க்க முடியணும்.

குத்து வாங்கின பிறகு தலைவலி, வாந்தி, தடுமாற்றம், கேட்ட கேள்வியையே திரும்பக் கேக்குறது, இதுல ஒண்ணு தெரிஞ்சாலும் அன்னிக்கு அவனுக்கு ஸ்பாரிங் முடிஞ்சுது. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. கார்டு போட்டிருந்தானேங்கறது இங்க பதில் ஆகாது.

(காட்சி: கொடிக்கயிற்றில் தலைகீழாகத் தொங்கும் ஹெட்கார்டுகள்.)

முடிஞ்ச உடனே உள்மெத்தையைக் கழட்டி, கூட்டை ஈரத்துணியால துடைச்சு, உள்பக்கம் வெளியே தெரியற மாதிரி நிழல்ல தொங்க விடுங்க. வெயில்ல போட்டா தோல் வெடிக்கும், பிளாஸ்டிக் கவர்ல கட்டினா மறுநாள் பூஞ்சை. மாசத்துக்கு ஒருக்கா பின்மண்டை ஃபோமைக் கட்டைவிரலால அஞ்சு எண்ணுற வரைக்கும் அழுத்திப் பாருங்க. விட்ட பிறகு பள்ளம் ஒரு நிமிஷமாகியும் மேல வரலைன்னா அந்தக் கார்டைக் கத்திரியால வெட்டிப் போட்டுடுங்க. முழுசாக் குப்பையில போட்டா, நாளைக்கே வேற ஒரு பையன் அதை எடுத்து மாட்டிட்டு வருவான்.