துரை என்று ஒரு தம்பி

வணக்கம். வம்சாவளி எழுதுவது எப்படி என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். அதைத் தப்பாக எழுதுவதில்தான் எனக்கு அனுபவம் அதிகம் என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

1998-இல் எங்கள் வீட்டுக் காதுகுத்துக்கு ஐந்து தலைமுறை வம்சாவளியை அச்சடித்து, லேமினேஷன் போட்டு, தாம்பூலப் பையில் வைத்துக் கொடுத்தேன். 80 அட்டைகள். எல்லோரும் பாராட்டினார்கள். ஒன்றுவிட்ட அத்தை ஒருவர் மட்டும் பந்தியிலிருந்து எழுந்து கை கழுவிவிட்டு வந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்த அட்டையை ரொம்ப நேரம் பார்த்தார். “எங்கப்பாவுக்கு அண்ணனே கிடையாதே, இது யாருடா?” என்றார்.

உண்மைப் பெயர்கள் வேண்டாம். முத்தையா, சுப்பையா என்று வைத்துக்கொள்வோம். அட்டையின்படி சுப்பையாவுக்கு மூன்று மகன்கள்: முத்தையா, துரை, என் தாத்தா. அத்தை, துரையின் மகள்.

முத்தையாவை நான் பிடித்தது பரணில் கிடந்த ஒரு ஜாதக ஓலையிலிருந்து. சுப்பையா குமாரன் முத்தையா, பிலவ வருஷம், ஆவணி மாதம் என்று இருந்தது. பிலவ என்றால் 1901 என்று போட்டுவிட்டேன். வருஷப் பெயர்கள் அறுபதுதானே, சுற்றிச் சுற்றித்தான் வரும். 1841-உம் பிலவதான், 1961-உம் பிலவதான். எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில் கொல்லம் ஆண்டையும் சேர்த்து எழுதுவது வழக்கம். அதோடு 825-ஐக் கூட்டினால் ஆங்கில வருஷம் ஏறக்குறைய வந்துவிடும். எங்கள் ஓலையில் சரியாக அந்த இடத்தைப் பூச்சி அரித்திருந்தது.

இதைவிட வெட்கக்கேடு ஒன்று உண்டு. அதே முத்தையா பெயரில் ஒரு பட்டா நகல் என் கையிலேயே இருந்தது. பசலி 1290. பசலி என்பது நிலவரிக் கணக்குக்கான வருஷம். அதோடு 590-ஐக் கூட்டுங்கள், 1880 வருகிறது. 1901-இல் பிறந்தவருக்கு 1880-இல் எப்படிப் பட்டா கொடுப்பார்கள்? யாரோ குமாஸ்தா தப்பாக எழுதிவிட்டார் என்று நானே தீர்ப்புச் சொல்லி, அந்தத் தாளை மடித்து வைத்துவிட்டேன். பாவம், அவர் ஒழுங்காகத்தான் எழுதியிருக்கிறார்.

அத்தைதான் முடிச்சை அவிழ்த்தார். துரை என்பது வீட்டுப் பெயர். அவருக்கு வைத்த பெயர் முத்தையா, அவருடைய தாத்தாவின் பெயர். நம்மில் தாத்தா பெயரைத் தாங்குகிறவன்தானே பெயரன், பேரன்? ஆனால் பிள்ளையைப் பெற்றவள் அந்தப் பெயரைச் சொல்ல முடியாது, அது மாமனார் பெயர். அவள் வாய்க்காக வந்ததுதான் ‘துரை’. நானோ ஓலையில் இருந்த தாத்தாவை இரண்டு தலைமுறை கீழே இறக்கி, சொந்தப் பேரனுக்கே அண்ணனாக்கிவிட்டேன்! பெயர் ஒன்றுவிட்டு ஒன்று வருவதால் தாத்தாவும் ‘சுப்பையா மகன் முத்தையா’தான், பேரனும் ‘சுப்பையா மகன் முத்தையா’தான். ஓலைக்காரர் 1841, பட்டாக்காரரும் அவரே.

பள்ளிச் சான்றிதழைப் பிறந்த தேதிக்கு ஆதாரமாகக் கொண்டுவருகிறவர்களும் இருக்கிறார்கள். தலைக்கு மேலே கையைச் சுற்றிக் காதைத் தொடவைத்து, வாத்தியார் ஒரு தேதி போட்டுச் சேர்த்துக்கொண்ட காலம் அது. அதைப் பற்றி அதிகம் பேச வேண்டாம். இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேருக்குப் பிறந்தநாள் ஜூன் மாதமாக இருக்கும்.

கடல் தாண்டிப் போனவர்களின் கதை வேறு. 1860 நவம்பர் 16-ஆம் தேதி ‘ட்ரூரோ’ என்ற கப்பல் சென்னையிலிருந்து தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதியிலுள்ள டர்பன் போய்ச் சேர்ந்தது. அதில் தொடங்கி 1911 வரை ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் நேட்டால் கரும்புத் தோட்டம் முதலான வேலைகளுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனார்கள். கப்பல் பட்டியலில் ஒவ்வொருவருக்கும் எண், பெயர், தகப்பன் பெயர், வயது, ஜில்லா, தாலுகா, கிராமம் எல்லாம் உண்டு. ஆனால் எழுதிய எழுத்தரின் காதில் விழுந்ததுதான் பெயர். முதலியார் அங்கே மூட்லி ஆனார். பலருக்குத் தகப்பன் பெயரே குடும்பப் பெயராக உறைந்துவிட்டது. நமக்கு இனிஷியல் தலைமுறைக்குத் தலைமுறை மாறுவதுபோல அங்கே மாறாது.

டர்பனிலிருந்து ஒரு கணவனும் மனைவியும் அப்படி ஒரு நகலோடு என்னிடம் வந்தார்கள். ஆற்காடு ஊரில் மூன்று நாள் அலைந்துவிட்டு வந்திருந்தார்கள். தாளில் இருந்தது வட ஆற்காடு ஜில்லா. அது 1989-இல் பிரிக்கப்பட்டது. அவர்கள் காட்டிய தாலுகா இன்றைக்குத் திருவண்ணாமலை மாவட்டத்தில் இருக்கிறது. கிராமத்தின் பெயர் புதூர். ஒரு தாலுகாவில் எத்தனை புதூர் இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அவர்களுக்கு நான் எந்தப் புதூரையும் காட்டவில்லை. காட்டியிருந்தால் சந்தோஷமாகப் போயிருப்பார்கள், எழுதியும் வைத்திருப்பார்கள். அதனால்தான் காட்டவில்லை.

சரி, தப்பைத் திருத்துவது எப்படி? எனக்குப் பிடித்த வழி நம் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்திலேயே இருக்கிறது. 1969-ஆம் வருஷத்துச் சட்டம், 15-ஆவது பிரிவு. பதிவேட்டில் தவறு இருந்தால் மூல வரியில் கை வைக்கக்கூடாது. ஓரத்தில் திருத்தத்தை எழுதி, கையெழுத்தும் தேதியும் போடவேண்டும். நானும் அப்படியே செய்தேன். பழைய வரியை விட்டுவைத்து, ஓரத்தில் ‘இவர் துரையின் தாத்தா, ஆதாரம்: பசலி 1290 பட்டா, அத்தை சொன்னது’ என்று எழுதினேன். அழித்துவிட்டு எழுதினால், என் அட்டையைப் பார்த்து நாளைக்கு ஒருவன் ‘ஒரு அண்ணன் விட்டுப்போச்சே’ என்று மறுபடியும் சேர்த்துவிடுவான். சேர்த்தும்விட்டான். என் சித்தப்பா பேரன் அந்த அட்டையைப் பார்த்து இணையத்தில் ஏற்றினான். அவனைப் பார்த்து இன்னும் இரண்டு பேர். திருத்தச் சொன்னால், “மூன்று இடத்தில் இருக்கே மாமா” என்கிறார்கள். மூன்றும் என் ஒரே தப்புதான், அப்பா!

திருத்திய தாளை எடுத்துக்கொண்டு அத்தை வீட்டுக்குப் போனேன். விரலை வைத்து மேலிருந்து கீழே வந்தார். அப்பா, தாத்தா, பூட்டன் எல்லாம் சரி என்றார். அப்புறம் தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெறும் தாள்.

“எங்கம்மாவை எங்கேடா?” என்றார்.

பட்டாவில் பெண்கள் இல்லை, ஓலையிலும் இல்லை, நானும் எழுதவில்லை. அன்று சாயங்காலம் அவர் சொல்லச் சொல்லப் பின்பக்கத்தில் ஏழு பெயர்கள் எழுதினேன். துரைக்குத் ‘துரை’ என்று பெயர் வைத்தவளின் பெயர் மட்டும் அத்தைக்கு நினைவு வரவில்லை. எல்லோரும் அவளை ‘கடையத்தா’ என்றுதான் கூப்பிடுவார்களாம், பிறந்த ஊர் கடையம் என்பதால். அந்த இடத்தில் இப்போதைக்குக் ‘கடையம்’ என்று பென்சிலில் எழுதி வைத்திருக்கிறேன்.