சைபீரியாப் பறவை நம்ம கம்மாயில கூடு கட்டுமா?

முதுகுளத்தூர் பக்கத்துலருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்காங்க: "சித்திரங்குடிக் கம்மாயில சைபீரியாப் பறவைக வந்து குஞ்சு பொரிக்குதுங்கறாங்களே, நெசமா அண்ணே?"

இல்லம்மா. கருவேல மரத்துல கூடு கட்டுற கூழைக்கடா, மஞ்சள்மூக்கு நாரை, நத்தைகுத்தி நாரை, அரிவாள் மூக்கன் எல்லாம் நம்ம நாட்டுப் பறவைகதான். ஐப்பசி, கார்த்திகை மழையில கம்மா நெறஞ்சு மீன் பெருகுனா வரும். தண்ணி வத்துறதுக்குள்ள குஞ்ச வளத்துட்டுக் கெளம்பிரும். தனுஷ்கோடிப் பூநாரையக்கூட வெளிநாடுங்கறாங்க. அது குஞ்சு பொரிக்கிற எடம் குஜராத்துல கட்ச் பக்கமே இருக்கு.

நெசமாவே வடக்கேருந்து வர்றது உள்ளான் மாதிரிப் பறவைக. அதுக இங்க இரை தேடத்தான் வருது, முட்டை போடாது. வாலிநோக்கம் உப்பளத்துல ஓடித் திரியிற கொசு உள்ளான், மரமே மொளைக்காத துருவக்கரைக்குப் போகும்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது இன்னொரு உள்ளான், இங்கிலீசுல கிரீன் சாண்ட்பைப்பர்ம்பாங்க. கூட்டமா இருக்காது. வாய்க்கால் பாலத்துக்கடியில தேங்குன தண்ணியில ஒத்தையா நிக்கும், பின்பக்கத்த ஆட்டிக்கிட்டே. கரும்பச்சை முதுகு. நீங்க கிட்டப் போனா கீச்சுன்னு கத்திட்டு எந்திரிக்கும் பாருங்க, அப்பத் தெரியும் வாலடியில பளிச்சுன்னு வெள்ளை. பங்குனி, சித்திரையில அது ரஷ்யாக் காட்டுக்குப் போயிரும். பைனும் பிர்ச்சுமா நிக்கிற காடு, மரத்துக்கு எடையில சேத்துத்தண்ணி. தண்ணிக்கரைப் பறவைதான், ஆனா முட்டையிடுறது மரத்து மேல! பூங்குருவி போன வருசம் கட்டிப் போட்டுட்டுப் போன கூட்டுல நாலு முட்டை. பொரிஞ்ச குஞ்சு சீக்கிரமே அங்கருந்து தரையில குதிச்சிரும். கீழ மெத்தை மாதிரி பாசி. நாரைக்குஞ்சு மாதிரி வாயத் தொறந்து காத்திருக்காது, தானே பொறுக்கித் திங்கும்.

அதுக்குத்தான் அம்புட்டுத் தூரம் போகுது. ஆனி மாசம் அங்க ராத்திரியிலயும் வெளிச்சம் இருக்கும், கொசுவும் பூச்சியும் மொய்க்கும். அதே ஆனியில நம்ம கம்மா வெடிச்சுக் கெடக்கும். குஞ்சு பெருசாகுறதுக்கு முன்னாடியே தாய்ப்பறவை தெக்க கெளம்பிரும், தகப்பன்தான் காவல்.

ஆவணி வாக்குல இங்க திரும்ப வர ஆரம்பிக்கும். மழைக்காலம் வர்ற வரைக்கும் கம்மா காஞ்சு கெடக்கும், இந்தப் பாலத்தடிக் குட்டைதான் அதுக்கு ஆதரவு. அதுல பிளாஸ்டிக்கக் கொட்டாதீங்க, தாயி. வெள்ளை வாலடியோட ஒண்ணு எந்திரிச்சா, தேதியும் எடமும் எழுதி எனக்கு அனுப்புங்க.