எடை ஒன்று, கொழுப்பு வேறு: வளரிளம் பருவத்து உடலை அளத்தல்

அவையோர் அனைவருக்கும் வணக்கம். வளரிளம் பருவத்தினரின் உடலில் எவ்வளவு கொழுப்பு இருக்கிறது என்பதை எப்படி அளப்பது, அந்த அளவு எல்லா இனக்குழுவினருக்கும் ஒரே பொருளைத் தருமா என்பதைப் பற்றியே இன்று பேச வந்திருக்கிறேன்.

எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கும் முறையைப் பெல்ஜிய நாட்டுக் கணித அறிஞர் கெத்லே 19-ஆம் நூற்றாண்டில் வகுத்தார். அதற்கு உடல் நிறை குறியீட்டெண் என்ற பெயரை அமெரிக்க உடலியல் அறிஞர் ஆன்சல் கீஸும் அவருடைய குழுவினரும் 1972-இல் வைத்தார்கள். கூட்டம் கூட்டமாக மக்களை ஆராய்வதற்கு அது பயன்பட்டது. ஆனால் தசை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்று பிரித்துச் சொல்லும் ஆற்றல் அதற்கு இல்லை. 2004-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் யாஜ்னிக், யுட்கின் என்ற இரு மருத்துவ ஆய்வாளர்கள் தங்கள் உடல்களையே எடுத்துக்காட்டாக வைத்தார்கள். இருவருக்கும் குறியீட்டெண் 22.3 தான், ஆனால் ஐரோப்பிய வம்சாவளியினரான யுட்கினின் உடற்கொழுப்பு 9.1 விழுக்காடு, இந்தியரான யாஜ்னிக்கினுடையது 21.2 விழுக்காடு. ஆசிய மக்களிடையே நலவாழ்வு நடவடிக்கைகளுக்கு இந்தக் குறியீட்டெண்ணில் 23, 27.5 என்ற எல்லைகளையும் கருத வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு கூறியதை வெளியிட்டதும் அதே ஆண்டுதான்.

இவை பெரியவர்களுக்கான எண்கள். வளரிளம் பருவத்தில் சிக்கல் இன்னும் ஆழமானது, ஏனெனில் அளக்கப்படும் உடலே அப்போது மாறிக்கொண்டிருக்கிறது. பருவமடையும்போது ஆண்பிள்ளைகளுக்குத் தசையும் எலும்பும் மிகுதியாகக் கூடுகின்றன. பெண்பிள்ளைகளுக்குக் கொழுப்பின் பங்கு கூடுகிறது. பருவமடையும் சராசரி வயதும் குழுவுக்குக் குழு வேறுபடுவதால், 13 வயதுப் பிள்ளைகளை வயதை மட்டும் பார்த்து ஒப்பிட்டால், முதிர்ச்சியின் வேறுபாட்டை இனத்தின் வேறுபாடாகத் தவறாகக் கொள்ள நேரிடும்.

கருவிகளை நம்பினால் போதாதா என்று கேட்கலாம். பெரும்பாலான கருவிகள் கொழுப்பை நேரடியாக அளப்பதில்லை. வேறொன்றை அளந்து, ஒரு சூத்திரத்தின் வழியாகவே கொழுப்பைக் கணக்கிடுகின்றன. உடலின் அடர்த்தியிலிருந்து கொழுப்பைக் கணிக்கும் பழைய சூத்திரம், கொழுப்பற்ற பகுதியின் அடர்த்தி எல்லாருக்கும் கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1.1 கிராம் என்று எடுத்துக்கொள்கிறது. எலும்பில் தாதுப்பொருள் முழுமையாகச் சேராமலும் திசுக்களில் நீர் மிகுந்தும் இருக்கும் சிறாரிடம் அது கொழுப்பை மிகைப்படுத்திக் காட்டும். எலும்பு அடர்த்தி பொதுவாகக் கூடுதலாக உள்ள ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் குறைத்துக் காட்டக்கூடும். உடலில் சிறு மின்னோட்டத்தைச் செலுத்தி, தடை கூடினால் கொழுப்பு கூடுதல் என்று கணிக்கும் மின்தடைக் கருவியின் கதையும் இதுவே: உடலின் மின்தடையில் பெரும்பகுதி மெல்லிய கைகால்களிலிருந்தே வருவதால், உயரம் ஒன்றாக இருந்தும் கால் நீளமானவருக்குத் தடை கூடி, இல்லாத கொழுப்பு கணக்கில் ஏறிவிடுகிறது. தோலை மடித்துப் பிடித்து அதன் தடிமனைப் பார்க்கும் தோல் மடிப்பு அளவையோ தோலடிக் கொழுப்பை மட்டுமே தொடுகிறது. ஒரே அளவு கொழுப்பை ஒருவர் வயிற்றின் உள்ளே சேர்க்கலாம், இன்னொருவர் தொடையில் சேர்க்கலாம். தெற்காசியரிடம் உடலின் நடுப்பகுதியில் கொழுப்பு சேரும் போக்கு மிகுதி என்பதால், நீரிழிவு பற்றிய கவலையில் இந்த இடவேறுபாடு மிகவும் முக்கியமானது.

ஆகவே எந்த அளவைக் கண்டாலும், அதன் சூத்திரம் எந்த மக்களை, எந்த வயதினரை அளந்து உருவாக்கப்பட்டது என்பதையே நான் முதலில் கேட்பேன். உடலின் நீரையும் எலும்பின் தாதுவையும் அடர்த்தியையும் தனித்தனியே அளந்து ஒன்றுசேர்த்து, உடலைக் கொழுப்பு, நீர், தாது, புரதம் என நான்காகப் பிரிக்கும் நான்கு கூற்று முறையில் இந்த ஊகங்கள் வெகுவாகக் குறைகின்றன. செலவும் உழைப்பும் மிகுந்தாலும், ஒவ்வொரு குழுவுக்கும் சூத்திரத்தைச் சரிபார்க்க அதுவே தக்க உரைகல் என்பது என் உறுதியான கருத்து.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. இனக்குழு என்பது சராசரிகளைப் பற்றிய சொல். ஒரே குழுவுக்குள் ஒரு பிள்ளைக்கும் மற்றொரு பிள்ளைக்கும் உள்ள வேறுபாடு மிகப் பெரியது. பரம்பரை மட்டுமன்றி, உணவும் உடலுழைப்பும் குடும்பத்தின் வசதியும் அந்தச் சராசரிகளுக்குள் கலந்திருக்கின்றன. எனவே குழுவுக்கு ஏற்ற எல்லையைப் பயன்படுத்தும் மருத்துவர், அந்தப் பிள்ளையின் பருவ முதிர்ச்சியையும், இடுப்புச் சுற்றளவு உயரத்தில் பாதியைத் தாண்டுகிறதா என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ஒரே கருவியில், ஒரே மாதிரியான நிலையில், சில மாத இடைவெளியில் மீண்டும் அளந்து பார்த்த பிறகே அந்தப் பிள்ளையிடம் அதைப் பற்றிப் பேச வேண்டும்.