அணைத்துப் போடச் சொன்ன அண்ணனுக்கு

நடுவர் அவர்களுக்கும், இரு அணிப் பேச்சாளர்களுக்கும், மஞ்சக்குப்பத்தில் இந்த வெக்கையிலும் கூடியிருக்கும் கடலூர்ப் பெருமக்களுக்கும் வணக்கம். ‘மனிதரைப் பெரிதும் வதைப்பது போர்க்காலப் பொய்ப் பரப்புரையா, அன்றாடக் கணினி மென்பொருளா?’ என்பது இன்றைய தலைப்பு. மென்பொருளே என்று சொல்ல வந்திருக்கிறேன்.

குறிப்புகள் எழுதிக்கொண்டுதான் வந்தேன். ஆனால் எனக்கு முன் பேசிய எதிரணி அண்ணன் சொன்ன ஒரு வார்த்தை அந்தத் தாளை மடித்து வைக்கச் செய்துவிட்டது. “கணினி நின்றுபோனால் அணைத்துப் போடுங்கள், வெளியே போய் ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள், எல்லாம் சரியாகிவிடும், போர்ப் பொய்யை நம்பிச் செத்தவனை அணைத்துப் போட முடியுமா?” என்று அவர் கேட்டார். நீங்களும் பலமாகக் கைதட்டினீர்கள். அந்தக் கைதட்டலில் நான் மட்டும் சேரவில்லை. எத்தனை முறை அணைத்துப் போட்டும் சரியாகாத ஒன்றை என் அத்தையின் பக்கத்தில் நின்று பார்த்தவள் நான்.

என் அத்தைக்கு எழுபது வயது கடந்துவிட்டது. பண்ருட்டிப் பக்கத்து முந்திரிக் காடுகளுக்கு நடுவே ஒரு சிற்றூரில் இருக்கிறார். நாற்பது ஆண்டுகளாக முந்திரிக்கொட்டை உடைத்து வருபவர். அந்த வேலையை அறிந்தவர்கள் இந்தக் கூட்டத்தில் பலர் இருப்பீர்கள். வறுத்த கொட்டையைக் கல்லில் வைத்துக் கட்டையால் தட்டும்போது ஓட்டிலிருந்து எண்ணெய் கசியும். அது பட்ட இடம் கருத்துப் புண்ணாகித் தோல் உரியும். கையில் சாம்பலைப் பூசிக்கொண்டுதான் உட்காருவார்கள். சாம்பல் கொஞ்சம் காக்கும், முழுவதும் காக்காது.

அத்தைக்கு மாதம் 1,200 ரூபாய் முதியோர் உதவித்தொகை வருகிறது. அதை வழங்க ஊருக்கு ஓர் இளைஞர் கையடக்கக் கருவியோடு வருவார். விரலை வைத்தால் ரேகை பொருந்த வேண்டும், பொருந்தினால் பணம். அன்று அத்தை கட்டைவிரலை வைத்தார், பொருந்தவில்லை. ஆள்காட்டி விரலை வைத்தார், பொருந்தவில்லை. “பாட்டி, தலையில தேய்ச்சுட்டு வைங்க” என்றார் அந்த இளைஞர். முடியில் இருக்கும் எண்ணெய்ப் பசை ஏறினால் சில நேரம் ரேகை தெரியுமாம். அத்தை தலையில் தேய்த்துவிட்டு வைத்தார். பிறகு புடவைத் தலைப்பில் துடைத்துவிட்டு வைத்தார், ஈரத்துணியால் ஒற்றிவிட்டு வைத்தார், நெற்றியில் தேய்த்துவிட்டு வைத்தார். வலக்கை முடிந்து இடக்கைக்கு வந்து, பத்து விரலும் தீர்ந்தன. அண்ணன் சொன்ன மருந்தை அந்த இளைஞரும் அறிந்திருந்தார். கருவியை அணைத்துப் போட்டார், மறுபடியும் அணைத்துப் போட்டார். திரையில் அதே வாசகந்தான் வந்தது. அத்தைக்கு எழுத்து தெரியாது. “என்னா கண்ணு போட்டிருக்கு?” என்று என்னைக் கேட்டார். ‘விரல் ரேகை பொருந்தவில்லை’ என்று படித்துச் சொன்னேன். “அப்ப நான் நான் இல்லியாமா?” என்று கேட்டார்.

நடுவர் அவர்களே, அந்தக் கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு எதிரணியின் வாதங்களுக்கு வருகிறேன். எதிரணித் தலைவர் எம்டனை அழைத்து வந்தார். முதல் உலகப் போரின்போது, 1914 செப்டம்பர் 22 இரவு, அந்த ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்க் கிடங்குகளைச் சுட்டு எரித்ததும், அதன் பிறகு பரவிய வதந்திகளுக்கு அஞ்சி மக்கள் கூட்டங்கூட்டமாக நகரை விட்டு வெளியேறியதும் உண்மை. ஆனால் அந்த அச்சத்துக்கு ஒரு முடிவு நாள் இருந்தது. அதே ஆண்டு நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவருகே எம்டன் வீழ்ந்தது. இன்று வல்லாளகண்டனைக் குறிக்கும் ஒரு சொல்லாக மட்டுமே அது நம்மிடம் எஞ்சியிருக்கிறது.

ஜெர்மானியர் தம் போர்வீரர்களின் பிணங்களைக் காய்ச்சிக் கொழுப்பெடுத்தார்கள் என்று 1917இல் பிரிட்டன் பரப்பிய கொடிய கதையையும் அவர் சொன்னார். அதுவும் 1925இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்திலேயே பொய்யென்று ஏற்கப்பட்டது. புதுவைக் கடற்கரையில் 1938இல் திறக்கப்பட்ட பிரெஞ்சுப் போர் நினைவுச்சின்னத்துக்கு முன் நின்று, பிரெஞ்சிந்தியாவிலிருந்து போய்த் திரும்பாதவர்களை நினைத்து நானும் கலங்கியிருக்கிறேன். அந்த உயிர்களை இந்த மேடையில் நான் சிறுமைப்படுத்த மாட்டேன். நான் சொல்ல விரும்புவது இதுதான்: பரப்புரை எதிரியைப் பார்த்து ‘அவன் கொடியவன்’ என்று சொல்கிறது. பழுதுபட்ட மென்பொருளோ எதிரில் நிற்கும் நம்மைப் பார்த்து ‘நீ பொய்’ என்று சொல்கிறது.

இனி அண்ணனின் டீக்கு வருகிறேன், ஏனென்றால் அதை அப்படியே விட்டுவிட என்னால் முடியவில்லை. அணைத்துப் போட்டால் சரியாகிவிடும் என்றார் அல்லவா? அணைத்துப் போடாததால் 28 பேர் இறந்த இடத்துக்கு அண்ணனை அழைத்துப் போகிறேன். 1991, வளைகுடாப் போர், சவுதி அரேபியாவின் தஹ்ரான் நகரம். ஈராக்கின் ஸ்கட் ஏவுகணைகளை வானிலேயே அழிப்பதற்காக அங்கே அமெரிக்கர்கள் பேட்ரியட் என்ற ஏவுகணை அமைப்பை நிறுத்தியிருந்தார்கள். அதன் கணினி நேரத்தைப் பத்தில் ஒரு விநாடி வீதம் எண்ணிக்கொண்டே போகும். பத்தில் ஒன்று என்பதை நாம் ஒரு புள்ளி வைத்து எழுதிவிடுவோம்; சுழியமும் ஒன்றும் மட்டுமே அறிந்த கணினியால் அதை முழுமையாக எழுத முடியாது, கடைசியில் ஒரு துணுக்கை வெட்டிவிடும். கண்ணுக்குத் தெரியாத அந்தத் துணுக்கு, இடைவிடாமல் 100 மணி நேரம் ஓடிய பிறகு, 0.34 விநாடியாகச் சேர்ந்திருந்தது. மூன்றில் ஒரு விநாடிதானே என்று நினைக்கலாம். அந்த நேரத்துக்குள் ஒரு ஸ்கட் ஏவுகணை அரைக் கிலோமீட்டருக்கு மேல் பறந்துவிடும். பிப்ரவரி 25 அன்று அது வந்தபோது கணினி வானத்தில் வேறோர் இடத்தைப் பார்த்தது, அங்கே ஒன்றுமில்லை என்று முடிவு செய்தது. ஏவுகணை படைவீரர் குடியிருப்பின் மேல் விழுந்தது.

இதில் நெஞ்சை அறுக்கும் செய்தி இனிமேல்தான் இருக்கிறது. நீண்ட நேரம் ஓடினால் இலக்கு விலகும் என்று முன்பே எச்சரிக்கை அனுப்பியிருந்தார்கள். எவ்வளவு நேரம் என்பதை மட்டும் அதில் எழுதவில்லை. அவ்வப்போது அணைத்துப் போட்டிருந்தால் அந்த 28 பேரும் பிழைத்திருக்கக்கூடும். திருத்திய மென்பொருள் தஹ்ரானுக்கு மறுநாள், பிப்ரவரி 26 அன்று, வந்து சேர்ந்தது. அண்ணா, உங்கள் கேள்வியை உங்களிடமே திருப்பித் தருகிறேன். மென்பொருளை நம்பிச் செத்தவனை மட்டும் அணைத்துப் போட முடியுமா?

அதே போரில் பரப்புரையும் இருந்தது என்று எதிரணியினர் எழுந்து சொல்லக்கூடும். இருந்தது. அந்த இறப்புகளுக்குப் பத்து நாள் முன்பு, பிப்ரவரி 15 அன்று, பேட்ரியட்டைத் தயாரித்த நிறுவனத்தின் ஆலையிலேயே நின்று, 42 ஸ்கட்களை எதிர்கொண்டு 41ஐ அது வீழ்த்தியது என்று குடியரசுத் தலைவர் ஜார்ஜ் புஷ் முழங்கினார். போருக்குப் பிறகு அந்தக் கணக்கை அமெரிக்கத் தரைப்படையே குறைத்துக்கொண்டது. முழக்கத்தைக் குறைத்துக்கொள்ள முடிந்தது, அந்த 0.34 விநாடியைக் குறைத்துக்கொள்ள யாராலும் முடியவில்லை.

போர்க்களம் வேண்டாம், அஞ்சலகத்துக்கு வாருங்கள். பிரிட்டனின் கிளை அஞ்சலகங்களில் 1999 முதல் ஹொரைசன் என்ற கணக்கு மென்பொருளை வைத்தார்கள். அது இல்லாத பற்றாக்குறையைக் காட்டியது. இரவெல்லாம் உட்கார்ந்து கூட்டிப் பார்த்த அஞ்சலகப் பொறுப்பாளர்கள் ‘நாங்கள் எடுக்கவில்லை’ என்று கதறினார்கள். கணினி சரியாகவே இயங்கியிருக்கும் என்ற அனுமானத்தோடு அந்நாட்டு நீதிமன்றங்கள் தொடங்கியதால், அவர்கள் சொல் எடுபடவில்லை. 2015 வரை 900 பேருக்கு மேல் தண்டிக்கப்பட்டார்கள். 2010இல் சிறைக்குப் போன ஒரு பெண் அப்போது கருவுற்றிருந்தார். அவர் குற்றமற்றவர் என்று தீர்ப்பு வர 2021 ஆயிற்று. அக்கம்பக்கத்தார் அவர்களைத் திருடர் என்றே நம்பினார்கள். எந்தப் பகைநாட்டு வானொலியும் அந்தப் பழியைப் பரப்பவில்லை. ஒரு திரையில் வந்த ஒரு தொகை பரப்பியது.

நம்மூரில் இது சிறிய அளவில் தினமும் நடக்கிறது. அப்பா பெயரின் முதல் எழுத்தை முன்னால் போட்டுக்கொள்ளும் நம் பிள்ளைகளிடம், குடும்பப் பெயரை நிரப்பாமல் மேலே போக முடியாது என்று விண்ணப்பம் மறிக்கிறது. ஒன்றில் முன்னெழுத்து முன்னாலும், இன்னொன்றில் அப்பாவின் முழுப்பெயர் பின்னாலும் போய்விட, இரண்டும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க அந்தப் பிள்ளை அலைகிறது. பள்ளி ஆசிரியையாக எத்தனையோ பிள்ளைகளுக்காக நானும் அந்த அலைச்சலை அலைந்திருக்கிறேன். படிவத்தை எழுதியவருக்குத் தமிழ்நாட்டுப் பெயர் தெரியவில்லை. ஆனால் சிவப்பு எழுத்தில் ‘தவறு’ என்று வருவது பிள்ளையின் பெயருக்குப் பக்கத்தில்.

இந்தக் கூட்டத்தில் தாய்மார்கள் நிறைய இருக்கிறீர்கள், உங்களுக்காக அத்தையின் கதைக்குத் திரும்புகிறேன், முன்பு சொல்லாமல் விட்டதையும் சொல்கிறேன். முதல் முறை பொருந்தாதபோது அத்தை யார் மேலும் கோபப்படவில்லை. அந்த இளைஞரிடம், “தம்பி, என் கைதான் சரியில்ல, மன்னிச்சுக்கோ” என்றார். நாற்பது ஆண்டுகள் உழைத்த கை, ஒரு கருவியிடம் மன்னிப்புக் கேட்டது. அடுத்த மாதமும் பொருந்தவில்லை. அதற்கடுத்த மாதம் அத்தை தாமாகவே ஒரு வழி கண்டுபிடித்தார். பணம் வரும் நாளுக்கு ஒரு வாரம் முன்பே கொட்டை உடைப்பதை நிறுத்திவிடுவார். ராத்திரியில் விரல்களுக்குத் தேங்காய் எண்ணெய் தடவித் துணி சுற்றிக்கொண்டு படுப்பார். புதுத்தோல் கொஞ்சம் வளரும், ரேகை மங்கலாகத் தெரியும், கருவி சில மாதம் ஏற்றுக்கொள்ளும், சில மாதம் மறுத்துவிடும். தாம் தாமே என்று காட்டுவதற்காக என் அத்தை மாதத்தில் ஒரு வாரக் கூலியை இழக்கிறார்.

என் அப்பா சீக்கிரம் போய்விட்டார். என் பள்ளிக் கட்டணமும், பேனாவும், கடலூருக்கு வந்து படித்த நாட்களின் பேருந்துக் காசும் அந்தக் கொட்டைக் கூலியில் வந்தவை. என்னை அந்தக் கொட்டையைத் தொட அவர் ஒரு நாளும் விட்டதில்லை. “நீ புக்கைப் புடி, இதைப் புடிக்காத” என்று கையைத் தட்டிவிடுவார். அப்போது அது ஏனென்று எனக்குப் புரியவில்லை.

போன மாதம் நான் போயிருந்தபோதும் கருவி மறுத்துவிட்டது. அந்த இளைஞர் தலைகுனிந்தபடி கிளம்பிப் போனார். அத்தை திண்ணையில் உட்கார்ந்து என் வலக்கையை இழுத்துத் தம் மடியில் வைத்துக்கொண்டு, என் கட்டைவிரலை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு தம் விரலால் அதை மெல்லத் தடவிவிட்டு, “உனக்கு நல்லா கோடு கோடா இருக்கு கண்ணு” என்றார்.